சோபாவுக்கும் ஷோகேஸுக்கும் நடுவே ஒரு ஜோடி ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் காட்டும் வேலை என்பது அடிப்படையில் பிறத்தியார் வீட்டு சோபாவை நகர்த்தும் வேலை. நடுநடுவே பாட்டும் போடுவோம்.

தண்ணீர் சுத்தப்படுத்தும் கருவி, மெத்தை, தரை துடைக்கும் இயந்திரம் என்று எதையாவது சுமந்துபோய், அடுத்தவர் ஹாலில் நின்று தொண்டை வற்ற விளக்கி, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கொண்டுபோனதை அப்படியே திருப்பிக்கொண்டு வந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நாம் உறவுக்காரர்கள். உரிமையோடு மேலே படிக்கலாம். இல்லாதவர்களும் படிக்கலாம், நான் வந்துபோன வீடு உங்களுடையதாகவே இருக்கக்கூடும்.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில், செல்லத்துரை அண்ணாச்சியின் வீட்டு உபயோகப் பொருள் கடையில் வேலை செய்கிறேன். முன்பக்கம் மிக்ஸி, ஃபேன், வாஷிங் மிஷின். பின்பக்கம் ஒரு சின்ன அறை. கனமான திரை, ஒரு சோபா, எதிரே ஒரு ஜோடி ஸ்பீக்கர். அந்த அறை என் யோசனை. இங்கிருந்து ஒரகடம் வரை இத்தனை தொழிற்சாலை இருக்கிறது, இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள், நல்ல இசையை நல்லபடி கேட்க நாலு பேர் இல்லாமலா போவார்கள் என்று அண்ணாச்சியிடம் பேசிப் பேசிப் பெற்ற அறை. திறந்த நாளிலிருந்து அந்த சோபாவில் வந்து உட்கார்ந்தவர்கள் ஒரே வகைதான்: முன்கடையில் மனைவி கிரைண்டர் பார்த்து முடிப்பதற்குள் கால் வலித்துப்போன கணவர்கள்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். திருநெல்வேலியை விட்டு வந்து எவ்வளவோ காலமாகியும் பேச்சை அங்கிருந்தே வரவழைப்பவர். "பாஸ்கரு, நம்ம சோபாவுல ஆளு உக்காந்து கேக்கலைன்னா, ஆளு உக்காந்திருக்க சோபாவுக்கு நீரு போவும். பொங்கலுக்குள்ள ஒரு ஜோடியாவது வெளிய போயிருக்கணும். இல்லைன்னா அந்த ரூம்ல வாஷிங் மிஷினை அடுக்கிருவேன். நீரு மிக்ஸி கவுண்டருக்கு வந்துரும்வே" என்றார்.

மிக்ஸி கவுண்டரைக் குறை சொல்லவில்லை. நாள் முழுக்கக் காலி ஜாரை ஓட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலைக்குக் காது தேவையில்லை; இல்லாமலிருப்பது கூடுதல் தகுதி. எனக்கோ காது ஒன்றுதான் தகுதி.

ஆகவே கிளம்பினேன். கடையின் மினி வேனை ஓட்டும் முனுசாமி கூட வந்தார். குன்றத்தூர்க்காரர். என் தொழிலைப் பற்றி அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு, அவ்வப்போது சொல்லுவார்.

கிளம்புமுன் ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்கு புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்று பெயர். செருப்புக் கடை டப்பாக்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிய மரப்பெட்டி. கீழே தவில் முதலான கனத்த ஒலிகளுக்கு ஒரு பெரிய வட்டம். மேலே சலங்கை, ஜால்ரா போன்ற மெல்லிய ஒலிகளுக்கு ஒரு சின்ன வட்டம். வட்டங்களுக்கு முன்னால், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வலை. புத்தக அலமாரியில் வைக்கலாம் என்பதால் இந்தப் பெயர். நான் போன வீடுகளில் ஒரே ஒரு வீட்டில் புத்தக அலமாரி இருந்தது. அதில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி இருந்தது.

கேட்கும் முறை மிக எளிது. மனதுக்குள் ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு முனைகளில் இரண்டு ஸ்பீக்கர், மூன்றாவது முனையில் நீங்கள். சின்ன வட்டம் உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரிந்துகொள்ளும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சோபா வாங்கியிருக்காது என்பதுதான் காரணம்.

ஹாலுக்கு ஒன்று, கிச்சனுக்கு ஒன்று

முதல் வீடு ஒரகடம் பக்கம், அடுக்குமாடியில். வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் உதவி மேலாளர். மூலையில் மடங்கிப் போகும் பெரிய சோபா. வாங்கியபோது போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மனம் வராததால் உட்கார்ந்தவர்கள் அனைவரும் மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தோம். சோபாவுக்கு எதிரே ஒரு மூலையில் ஸ்பீக்கரை வைக்கப் போனேன். அது ஈசானிய மூலை, காலியாக இருக்கவேண்டும் என்றார். அடுத்த மூலையில் மீன் தொட்டி. "அதைத் தொடாதீங்க சார். போன தடவை நகத்தினப்பதான் எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்தது" என்றார். மீன்களும் என்னை அப்படித்தான் பார்த்தன.

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். ஒன்று ஹாலில் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில். இன்னொன்று கிச்சன் மேடையில். "ரெண்டு குடுத்திருக்காங்கன்னா ரெண்டு ரூமுக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். முக்கோணத்தை நான் இன்னொரு முறை காற்றில் வரைந்து காட்டினேன். அவர் அதைப் பெரிய மனதோடு மன்னித்தார்.

வயலின் கச்சேரி ஒன்றைப் போட்டேன். அந்தப் பதிவில் வயலின் முழுக்க இடதுபக்கம், மிருதங்கம் முழுக்க வலதுபக்கம். இடது ஸ்பீக்கர் செருப்புகளுக்கு வயலின் வாசித்துக்கொண்டிருந்தது. உதவி மேலாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். சற்று நேரத்தில் கிச்சனிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது:

"ஏங்க, இங்க வெறும் மிருதங்கம்தான் வருது. வயலின் வாசிக்கிறவரு இன்னைக்கு லீவா?"

வெள்ளிக்கிழமைப் பொட்டு

அடுத்தது ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒரு வீடு. வாசலில் ஸ்பீக்கரோடு நுழைந்ததும் வீட்டு அம்மா "நில்லுங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா அப்படியே உள்ள எடுத்துட்டுப் போவாதீங்க" என்று தடுத்தார். மஞ்சள், சந்தனம், குங்குமம் வந்தன. இரண்டு பெட்டிக்கும் நெற்றி எது என்று யோசித்து, நேராகப் பொட்டு வைத்தார். சூடம் காட்டினார். முனுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பொட்டு வைத்த பொருளை யாராவது திருப்பி அனுப்புவார்களா? பாட்டு போட்டேன், எல்லாரும் கேட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். கேசரி கொடுத்தார்கள். பில் புத்தகத்தை எடுத்தபோதுதான், இப்போதைக்கு வாங்கும் எண்ணம் இல்லை, எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் கூப்பிட்டோம் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் பொட்டைக் காட்டினேன். அந்த அம்மா சிரிக்காமல் சொன்னார்:

"அது வூட்டுக்கு வந்த பொருளுக்கு வெச்சது சார், பில்லுக்கு வெச்சது இல்ல."

உறங்கும் ஹால்

தெற்கத்திப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீடு. மூவரும் ஒரே தொழிற்சாலை. கூப்பிட்டவன் பெயர் இசக்கி. மிகுந்த ஆர்வம். போனில், ஸ்பீக்கருக்கு உயிர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அவன் கேட்ட கேள்விகளைக் கேட்டு, கடைசியில் எனக்கென்று ஒருவன் பிறந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவன் உதட்டில் விரல் வைத்தான். ஹாலில் பாய் விரித்து, நைட் ஷிஃப்ட் முடித்த மற்ற இருவரும் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் முக்கோணத்தின் நடுவில் நான்கு கால்கள் இருந்தன.

தாண்டித் தாண்டி ஸ்பீக்கரை வைத்தேன். சத்தத்தைக் குறைத்து, மேலும் குறைத்து, ஃபேன் ஓடுவது மட்டும் தெளிவாகக் கேட்கும் அளவுக்குக் கொண்டுவந்து பாட்டைப் போட்டேன். இசக்கி ஸ்பீக்கர் மேல் காதை வைத்தான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல வெகுநேரம் கேட்டான். "சவுண்டு நல்லாத்தாம்ணே இருக்கும்போல, கேக்கத்தான் மாட்டேங்கு" என்று என் காதில் சொன்னான். இன்னும் துளி ஏற்றலாமா என்று நானும் அவன் காதில் கேட்டேன். ஏற்றினேன். ஒரு போர்வை அசைந்தது. முகம் வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது:

"ஏலே இசக்கி, என்ன எழவா இருந்தாலும் எங்களுக்கு டே ஷிஃப்ட் போட்ட பொறவு வாங்குலே."

ஒரு விரல்

குழந்தைகள் மீது எனக்கு எப்போதும் பிரியம் உண்டு. குன்றத்தூரில் அந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகு, பிரியத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று காட்டுகிறேன்.

ஸ்பீக்கரின் மேலே ஒரு சின்ன வட்டம் உண்டு என்றேன் அல்லவா? அது உண்மையில் மெல்லிய துணியால் ஆன ஒரு குமிழ். ஒரு ரூபாய்க் காசு அகலம், வெளிப்பக்கம் உப்பியிருக்கும். பார்த்தால் காலிங் பெல் பட்டன் போலவே இருக்கும். அதைப் படைத்தவர் குழந்தை இல்லாத வீட்டில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். நல்ல ஒலி வேண்டும் என்று முன் வலையைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பாவிடம் முக்கோணத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுச் சின்னப் பெண், இன்னும் பள்ளிக்கூடம் போகாதவள், நேராக நடந்து போய் ஒரு விரலால் அழுத்தினாள். குமிழ் உள்ளே போனது. பெல் அடிக்கவில்லை. ஆகவே அடுத்த ஸ்பீக்கருக்குப் போய் அதையும் அழுத்திப் பார்த்தாள்.

அந்தக் குமிழை வெளியே எடுக்க ஒரே வழி, ஒட்டு டேப்பை அதன் மேல் பூப்போல ஒட்டிப் பதறாமல் இழுப்பது. நான் தரையில் மண்டியிட்டு அதைச் செய்துகொண்டிருந்தேன், கெட்டுப்போனால் அறையும் போச்சு, நானும் போச்சு. "புடிச்சாதான் சார் கை வெப்பா, புடிக்கலன்னா கிட்டயே போவமாட்டா" என்று அம்மா பெருமையோடு சொன்னார். ஒருவழியாக இரண்டு குமிழும் வெளியே வந்தன. ஒலியும் பழையபடி வந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் முன் வலையைக் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். இந்த முடிவைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்த அப்பா, தொண்டையைச் சரிசெய்துகொண்டு நியாயமான ஒரு கேள்வி கேட்டார்:

"அமுங்குன பீஸைப் போய் யாரு சார் வாங்குவாங்க? புதுசா வந்தா சொல்லுங்க, பாக்கலாம்."

போன் சொன்ன தீர்ப்பு

அடுத்துப் போன வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்பவர். சோபாவை நகர்த்த மறுப்பே சொல்லவில்லை. முக்கோணத்தை டேப் வைத்து அளந்து, அரை விரற்கடை கோணலைக்கூடச் சரிசெய்தார். கண்ணீர் வராத குறை எனக்கு. பிறகு போனை எடுத்தார். அதில் சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்று இருந்தது. பாட்டு ஓடும்போது போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடுகள் ஏறின, இறங்கின. முகமும் அதோடு ஏறி இறங்கியது. ஒரு இடத்தில் கோடு சட்டென்று குதிக்கவே, பாட்டை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் கோடு குதித்தது. பக்கத்தில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜையும் நிறுத்தினோம். மீண்டும் முதலிலிருந்து. எழுந்தபோது அவர் முகத்தில் நேர்மையான வருத்தம் இருந்தது:

"காதுக்கு ரொம்ப நல்லா இருக்கு சார், ஆனா ரீடிங்ல ஓகே ஆவல."

கையில் தெரிந்த பாட்டு

மார்கழி பிறந்துவிட்டது. கடையில், என் அறை வாசலில், வாஷிங் மிஷின் அட்டைப்பெட்டிகள் வந்து நின்றன. ஆள் இறங்குவதற்குள் சீட்டுக்குத் துண்டு போடும் பயணிகளைப் போல. மிக்ஸி கவுண்டர் பையன் எனக்கு வணக்கம் சொல்லும் விதமும் மாறியிருந்தது.

அந்த நிலையில்தான் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஆரோக்கியசாமி கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பாட்டுப் பெட்டி வேண்டும், இன்றே எடுத்துவாருங்கள் என்று போனில் கத்தினார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு. வாசலில் காகித நட்சத்திரம். தகடுகளை அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவர் என்று, அவருக்காகச் சற்றுக் கூச்சப்பட்டு, அவர் மனைவி மேரி சொன்னார். சோபாவை அவரே இழுத்துப் போட்டார். எங்கே உட்காரச் சொன்னேனோ அங்கே உட்கார்ந்தார். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் கனவில்தான் பார்த்திருந்தேன்.

ஒரு கிராமியப் பாட்டைப் போட்டேன். தொடக்கத்தில் வெறும் சலங்கை மட்டும். வெகுநேரம் கழித்துத்தான் தவில் வரும். சலங்கை ஹால் முழுக்கச் சிதறியது. மேரியம்மாவே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். ஆரோக்கியசாமி என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்: "போடுங்க சார். எதுக்கு வெயிட் பண்றீங்க?" நான் சத்தத்தை ஏற்றினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "ம், போடுங்க" என்றார் மறுபடியும். மேரியம்மா தரையைப் பார்த்தார்.

தவில் வந்தது. அவர் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து, பெட்டியின் தலைமேல் உள்ளங்கையை வைத்து, ஓடும் இயந்திரத்தைப் பார்ப்பதுபோல அப்படியே நின்றார். "நல்லா ஓடுது சார். கையில தெரியுது. பில் போடுங்க" என்றார்.

பில் புத்தகம் பையில்தான் இருந்தது. பொங்கல் பக்கத்தில்தான் இருந்தது. நான் மேரியம்மாவைத் தனியே கூப்பிட்டு, ஸ்பீக்கர் எங்கும் ஓடிப்போகாது, முதலில் காது டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள் என்றேன். "எத்தினி வாட்டி சொல்லிட்டேன் சார். நீங்க சொன்னா கேப்பாரு" என்றார். சொன்னேன், அதாவது கத்தினேன். வேனில் ஏறியதும் முனுசாமி சாவியைத் திருகாமலே என்னைப் பார்த்தார்:

"இன்னா சார் நீ, தானா வந்த கஸ்டமர டாக்டருக்கு அனுப்பிட்டு, நாம மிக்ஸிக்குப் போறோமா?"

அரை இஞ்ச்

போகிக்கு முன்னால் கடைசி வீடு. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிப் புதிதாக வந்த ஒரு நகரில், ஒரே மாதிரி கட்டப்பட்ட வரிசை வீடுகளில் ஒன்று. வீட்டுக்காரர் தேவராஜ், ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் சூப்பர்வைசர். அவர் கதவைத் திறந்ததோடு சரி. மற்றதையெல்லாம் மனைவி மல்லிகா பார்த்துக்கொண்டார். ஹால் சுவர் முழுக்க ஒரு ஷோகேஸ். நடுவில் டி.வி. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு போட்ட காலி அறைகள், பக்கத்துக்கு ஒன்று.

"இந்த ஆசாரி போன்ல ஒரு படத்தைக் காட்டி ரெண்டு பக்கமும் இடம் உட்டுட்டாரு சார். படத்துல இன்னாவோ வெச்சிருந்தாங்க. வரிசை வூடு எல்லாத்துக்கும் இவர்தான் ஆசாரி. அடுத்த வூட்ல பூச்சாடி, அதுக்கடுத்த வூட்லயும் பூச்சாடி. நானும் போய் பூச்சாடி வெப்பேனா? ரெண்டு பக்கமும் மூளியா கீது" என்றார் மல்லிகா.

நான் வழக்கம்போல ஸ்டாண்டை விரித்து, சோபாவைப் பார்த்தேன். "பாட்டெல்லாம் வேணாம் சார். உள்ள போவுதா பாருங்க" என்றார். ஸ்பீக்கரைக் கண்ணாடிக்குள் வைப்பது, பாடுகிறவர் வாயைப் பொத்திவிட்டுப் பாடச் சொல்வதற்குச் சமம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். "பாடட்டும் சார், நான் வேணான்னா சொன்னேன்? தூசி படாம பாடட்டும்" என்றார்.

வைத்தோம். உயரம் சரி. அகலம் சரி. அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. கண்ணாடியைச் சாத்தப் போனால், மூடவில்லை. அரை இஞ்ச் வெளியே நின்றது. தேவராஜ் குனிந்து பார்த்துவிட்டு, "பின்னாடி ப்ளைவுட்ட கொஞ்சம் அறுத்துட்டா..." என்று ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார். "அப்ப வேணாம் சார். கண்ணாடி மூடலன்னா பல்லி போவும்" என்றார் மல்லிகா. முனுசாமி ஸ்டாண்டை மடக்கினார்.

அந்த ஹாலில் எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். குன்றத்தூர்க் குழந்தையின் விரலுக்குப் பயந்து நான் கழற்றாமல் வைத்திருந்த முன் வலையின் கனம் சரியாக அரை இஞ்ச். அதைக் கழற்றலாம் என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. நல்ல ஒலி வேண்டும் என்று கழற்றுவதற்காகச் செய்த வலை அது. அதை, ஒலியே வெளியே வராமல் இருப்பதற்காகக் கழற்ற வேண்டும். பின்னறை சோபாவை நினைத்துக்கொண்டேன். காலி ஜார் ஓடும் சத்தத்தையும் நினைத்துக்கொண்டேன். கழற்றினேன். முக்கோணத்தை ஊர் ஊராக வரைந்து காட்டிய அதே கையால் கண்ணாடியைச் சாத்தினேன். கதவிலிருந்த காந்தம் 'டக்' என்று ஒட்டியது. அந்த ஸ்பீக்கரால் அந்த வீட்டில் உண்டான சத்தம் அது ஒன்றுதான்.

மல்லிகா சோபா வரை பின்னால் நடந்துபோய், சரியாக முக்கோணத்தின் மூன்றாவது முனையில் நின்று பார்த்தார். "இப்பதான் வூடு நெறைவா கீது" என்றார். தேவராஜ் பில்லுக்குக் கையெழுத்துப் போட்டார். நான் கடமை தவறாதவன். ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்று கேட்டேன். அந்த அம்மா திரும்பினார்:

"ஒயரா? அது எதுக்கு சார், அசிங்கமா?"

பூச்சாடிகளின் வீழ்ச்சி

பொங்கலன்று மல்லிகாவின் வீட்டுக்கு வரிசை வீட்டுக்காரர்கள் வந்துபோனார்கள். கனுப் பொங்கலுக்குள் அத்தனை வீட்டுப் பூச்சாடிகளும் மூளியாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஒரே ஆசாரி, ஒரே அளவு. நான் வீடு வீடாகப் போய் முன் வலையைக் கழற்றினேன், கண்ணாடியைச் சாத்தினேன். எந்த வீட்டிலும் ஆம்ப்ளிஃபயரை வேனிலிருந்து இறக்கவே இல்லை. அறை வாசலில் இடம் பிடித்திருந்த வாஷிங் மிஷின்கள் திரும்பிப் போயின. அண்ணாச்சி அறைக்குள் வந்து, சோபாவை ஓரமாகத் தள்ளச் சொல்லி, அந்த ஆசாரியையே வரவழைத்து, எதிர்ச்சுவரில் ஒரு ஷோகேஸ் செய்யச் சொன்னார். ஸ்பீக்கரை அதற்குள் வைத்துப் பார்த்துவிட்டு, மனதில் அரித்துக்கொண்டிருந்த சந்தேகத்தைக் கேட்டார்:

"பாட்டே போடாம இம்புட்டு வித்துட்டீரே, பொறவு எதுக்குவே இத்தன நாளும் பாட்டுப் போட்டு அலைஞ்சீரு?"

புதிதாகச் சேர்த்த சலங்கை

தை கடைசியில் ஒரு மத்தியானம், மேரியம்மாவும் ஆரோக்கியசாமியும் கடைக்கு வந்தார்கள். அவர் இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்னதாகக் கருவி. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்குப் போட்டதையே போடுங்க சார்" என்றார். இந்தத் தடவை கத்தவில்லை.

சோபாவை நடுவுக்கு இழுத்தேன். ஷோகேஸ் கண்ணாடியைத் திறந்து, ஸ்பீக்கரை வெளியே எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். முன் வலையைக் கழற்றினேன். திரையைச் சாத்தினேன். சலங்கை தொடங்கியது. அவர் சட்டென்று இடதுபக்கம் திரும்பினார். பிறகு வலதுபக்கம். எதையோ தேடுவதுபோலக் கூரையைப் பார்த்தார். தவில் வரும்வரை மூச்சுவிடவில்லை. தவில் வந்தபோது அதை லட்சியம் செய்யவும் இல்லை. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று தொடக்கத்தையே போடச் சொன்னார். மேரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

போகும்போது ஆரோக்கியசாமி, வாங்கவில்லை சார், இப்போதுதான் காதுக்கு வாங்கியிருக்கிறோம், வீட்டில் கொஞ்ச நாள் மழையையும் பாத்திரச் சத்தத்தையும் கேட்டுக்கொள்கிறேன் என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, என்னைச் சற்றுச் சந்தேகமாகவே கேட்டார்:

"அன்னிக்கு இந்தச் சலங்கை இல்லையே சார், அப்புறமா சேத்தீங்களா?"

இந்தத் தொழிலில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: உட்கார்ந்து கேட்டவர்கள் வாங்குவதில்லை, வாங்கியவர்கள் கேட்பதில்லை, இருவருக்கும் நடுவில் சோபாவை நகர்த்த மட்டும் ஓர் ஆள் கட்டாயம் தேவைப்படுகிறது.